கலைப் பள்ளியிலிருந்து கடைத்தெரு வரை

படம் எழுதக் கற்ற பிள்ளை பிழைப்புக்கு என்ன செய்வான் என்று கேட்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், இன்னும் வெளிமாநில நகரங்கள் பலவற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி சற்று அழுத்தமாகவே எழுகின்றது. ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கணக்கும் கற்று, அலுவலகத்தில் ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டவர்கள் நம் முன்னோருள் பலர். மாதம் பிறந்தால் சம்பளம் வரவேண்டும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். அத்தகைய வீட்டில் ஒரு மகனோ மகளோ நான்கு ஆண்டுகள் கலைப் பள்ளியில் பயின்று, பட்டத்துடன் வந்து நிற்கும்போது, பெற்றோரின் மனத்தில் பெருமையும் கலக்கமும் ஒருங்கே தோன்றுவது இயல்பே. அந்தப் பிள்ளையின் மனத்திலும் அதே கலக்கம் உண்டு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாது.

அப்பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும், வரைகலை வடிவமைப்பு என்னும் தொழிலில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை எவ்வாறு கழிப்பது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இத்தொழில் யாது? முன்னாளில் இதைக் கமர்ஷியல் ஆர்ட் என்றார்கள். காலையில் நாம் கத்தரிக்கும் பால் உறை, மின்சார ரயிலின் உள்ளே ஒட்டிய வழித்தடப் படம், மருந்து அட்டையில் காலாவதி நாளைக் குறிக்கும் சிறு எழுத்து, கைப்பேசியில் பணம் அனுப்புவதற்கு நாம் தொடுகின்ற பொத்தான் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒருவர் அமர்ந்து, எழுத்து எது, வண்ணம் எது, வெற்றிடம் எவ்வளவு என்று முடிவு செய்திருக்கிறார். பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். 1971ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்த சேகர் காமத் உருவாக்கியது அது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த வட்டத்தைக் கண்டு, 'இதுதான் வங்கி' என்று படியேறுகின்றார். ஓவியத்தைச் சுவரில் மாட்டிப் பார்க்கிறோம். வடிவமைப்பைக் கையில் எடுத்துப் பயன்படுத்துகிறோம். இந்த வேறுபாட்டை உணர்வதே தொழிலின் முதற்படி.

ஓவியப் பயிற்சி பிழைப்புக்கு உதவாது என்னும் எண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. சென்னையில் 1850ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைப் பள்ளியைத் தொடங்கியபோது, கைத்தொழில் வல்லவர்களை உருவாக்குவதும் அவருடைய நோக்கமாக இருந்தது. அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் சி. கொண்டையா ராஜு (1898–1976). அவர் நாடகக் குழுக்களுக்குக் காட்சித் திரைகள் எழுதினார். பின்னர் கோவில்பட்டியில் தங்கித் தெய்வப் படங்கள் எழுதினார். அவை சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகளில் ஏறி நாடெங்கும் சென்றன. வெளியூருக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ தமிழர் வீடுகளின் பூஜை அறையில் முதலில் மாட்டப்பட்டது அத்தகைய நாட்காட்டிப் படமே அன்றோ?

வங்காளத்திலிருந்து மற்றோர் எடுத்துக்காட்டு. சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயின்ற ஓர் இளைஞர், படிப்பை முடிக்காமலே கல்கத்தாவுக்குத் திரும்பி, 1943ஆம் ஆண்டில் டி. ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் இளநிலை விசுவலைசராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். அத்துடன் சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்திற்குப் புத்தக அட்டைகளும் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் வேலை அவ்வாறு வந்ததே. அக்கதை அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1955ஆம் ஆண்டில் அதுவே திரைப்படமாக வெளிவந்தது. அந்த இளைஞர் சத்யஜித் ராய். முதல் வேலையின் சம்பளம் சிறிதாக இருந்தது. அந்த வேலையில் அவர் கண்டெடுத்தது பெரிதாக இருந்தது.

மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லக்ஷ்மண் (1921–2015) மும்பையின் ஜே. ஜே. கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, போதிய திறமை காணப்படவில்லை என்று மறுக்கப்பட்டார். அதே மும்பைதான் பிற்காலத்தில் தன் நாளை அவருடைய கேலிச் சித்திரத்துடன் தொடங்கியது. 1954ஆம் ஆண்டில் அவர் வரைந்த தூரிகை ஏந்திய சிறுவன், ஒரு வண்ணப்பூச்சு நிறுவனத்தின் அடையாளமாகப் பல்லாண்டு நிலைத்து நின்றான். ஆகவே, முதல் மறுப்புக் கடிதத்தைக் கண்டு பிள்ளையும் சோர வேண்டியதில்லை. பெற்றோரும், 'அன்றே சொன்னேன்' என்று தொடங்க வேண்டியதில்லை.

இனி, நடைமுறைக்கு வருவோம். பட்டம் பெற்றவர் முதலில் ஆயத்தம் செய்ய வேண்டியது போர்ட்ஃபோலியோ என்று தொழிலில் வழங்கும் படைப்புத் தொகுப்பு. நான்கு ஆண்டுகளில் செய்த அனைத்தையும் அதில் திணிப்பது பலர் செய்யும் பிழை. ஐம்பது படங்களைக் காட்டினால், பார்ப்பவர் நினைவில் நிற்பது அவற்றுள் மிகவும் தளர்ந்த ஒன்றாகவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு போதும். ஆனால் அவற்றுள் இரண்டு மூன்றுக்கேனும், முதலில் பென்சிலால் கிறுக்கியது முதல் இறுதி வடிவம் வரை உள்ள படிகளைக் காட்ட வேண்டும். எதை எண்ணினோம், எதை விலக்கினோம், ஏன் விலக்கினோம் என்பன தெரிய வேண்டும். பலர் சேர்ந்து செய்த வேலையாயின், தம் பங்கு எது என்று நேர்மையாகக் குறிக்க வேண்டும். பிறர் வேலையைத் தமதென்று காட்டியவர் எப்படியும் அகப்பட்டுக்கொள்வார். இத்தொழிலில் ஒருவரை ஒருவர் அறியாதவர் குறைவு.

நேர்காணலில், 'இங்கே ஏன் சிவப்பு?' என்று ஒருவர் கேட்பார். 'எனக்குப் பிடித்தது' என்பது அதற்கு விடையாகாது. 'இது பேருந்து நிலையத்தில் தொங்கப்போகும் அறிவிப்பு. இருபது அடி தூரத்திலிருந்து அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படவேண்டியது நேரம். ஆகவே அதைச் சிவப்பில் வைத்தேன்' என்பது விடை. கலைப் பள்ளியில் நாம் நம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி, 'நான் சொல்ல விரும்புவது என்ன?' என்பது. கடைத்தெருவுக்கு வந்தபின் கேட்க வேண்டிய கேள்வி, 'இதைப் படிக்கப்போகிறவர் யார்?' என்பது. இந்த இரண்டாவது கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்வதற்கே முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

முதல் வேலை எங்கே தேடுவது? விளம்பர நிறுவனம், பதிப்பகம், பத்திரிகை, பெரிய வணிக நிறுவனத்தின் உள்துறை, கைப்பேசிச் செயலிகளை ஆக்கும் கணினி நிறுவனம் என வழிகள் பல. பெயர் பெற்ற இடம் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில், சில மாதங்களேனும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கழிக்குமாறு நான் கூறுவேன். திரையில் ஒளிரும் வண்ணம் வேறு, காகிதத்தில் ஏறும் வண்ணம் வேறு. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள். அச்சில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகள். திரையில் மின்னிய பச்சை, தாளில் மங்கிப் போவதற்கு அதுவே காரணம். தாளின் விளிம்பு வரை செல்லும் வண்ணத்தை, வெட்டுக் கோட்டுக்கு அப்பாலும் மூன்று மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும். இல்லையேல், வெட்டும்போது கத்தி மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். சிற்றெழுத்துகளை நான்கு மை கலந்த கறுப்பில் வைத்தால், பதிவு சிறிது பிசகினாலும் எழுத்து கலங்கும். தனிக் கறுப்பே தக்கது. இவற்றை நூலிலும் படிக்கலாம். ஆனால் அச்சகத்தில் ஒருநாள், வீணான தாள்கள் கட்டுக் கட்டாகக் கழிவுக்குப் போவதைக் கண்டவர் பின்னர் மறப்பதில்லை.

இங்கே என் சொந்தப் பிழை ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு; மும்பையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை எவ்வாறு ஆக்கிக் கொடுப்பது என்று தாய்மார்களுக்கு விளக்கும் துண்டு அறிக்கை ஒன்று, நான்கு மொழிகளில் எங்களிடம் வந்தது. அலுவலகத்தில் தமிழ் அறிந்தவன் நான் ஒருவனே. பக்கத்தின் அழகைப் பார்த்தேன், வண்ணத்தைப் பார்த்தேன், தமிழ் வரிகளை ஒரு கணம் மேய்ந்துவிட்டுச் சரி என்று கையொப்பமிட்டேன். அன்றைய வடிவமைப்பு மென்பொருள் தமிழின் இணைப்புகளை அறியாதது. எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்குப் பின்னே சென்று, அடுத்த எழுத்துடன் ஒட்டிக்கொண்டன. 'வேண்டும்' என்பது 'வணே்டும்' ஆயிற்று. 'கொதிக்க வைத்து' என்ற இடத்தில், 'வைத்து' என்பது 'வதை்து' என்று நின்றது. பத்தாயிரம் படிகள் அச்சாகிவிட்டன.

அவற்றை வழங்கிய நாளில் நானும் தாராவிக்குச் சென்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஒரு மூதாட்டி, கண்ணாடியைத் தேடி அணிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, 'ஏ தம்பி, எனக்குக் கண்ணு மங்கிப் போச்சா, இல்ல எழுத்தே இப்படித்தானா?' என்று கேட்டார். அவர் என்னைக் குறை கூறவில்லை. தம் கண்ணைத்தான் ஐயுற்றார். நேயர்களே, அந்தக் கேள்விக்கு முன்னால் என் பட்டமும் பரிசுச் சான்றிதழ்களும் எனக்குத் துணை வரவில்லை. அறிக்கை முழுவதையும் திரும்ப அச்சிட்டோம். அன்று முதல், ஓர் எழுத்தையும் வாய்விட்டுப் படிக்காமல் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

இதிலிருந்து வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி உண்டு. இன்றும் நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் ஆக்கப்படும் விளம்பரங்களிலும் உறைகளிலும் பெயர்ப் பலகைகளிலும் தமிழ் சிதைந்து நிற்பதைக் காண்கிறோம். மென்பொருள் வளர்ந்துவிட்டது, ஆனால் அதில் இந்திய எழுத்துகளுக்கென்று உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர், பழைய சிதைவையே பெறுகின்றார். தமிழில் 247 எழுத்துகள். மேலே சுழிப்பவை உண்டு. கீழே இறங்குபவை உண்டு. முன்னும் பின்னும் சூழ்ந்து நிற்பவை உண்டு. ஆங்கிலத்திற்கு அளந்த வரி இடைவெளியில் தமிழை அடைத்தால் மூச்சுத் திணறும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்கென விட்ட பொத்தானில் அவை அடங்குவதில்லை. இவற்றை அறிந்து வடிவமைப்பவர்கள் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் தேவைப்படுகின்றனர். வீட்டில் பேசும் மொழி என்று நாம் ஒதுக்கி வைத்ததே தொழிலில் நமக்கு முதலாக அமையக் கூடும்.

நம் எழுத்து நமக்கு மட்டுமே உரியது என்று இறுமாப்புக் கொள்ளவும் இடமில்லை. மும்பையில் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் ஆசிரியராக விளங்கி, 2008ஆம் ஆண்டில் மறைந்த ஆர். கே. ஜோஷி மராத்தியர். கணினிகளில் பலகாலம் வழங்கிய 'லதா' என்னும் தமிழ் எழுத்துரு அவருடைய தலைமையில் உருவானதே. பிறர் எழுத்தையும் தம் எழுத்தைப் போல் மதித்துக் கற்றார் அவர். நாமும், வாழும் மாநிலத்தின் எழுத்தை அவ்வாறு கற்றுக்கொண்டால், இரண்டு வாசல்கள் திறக்கும்.

அதே மையத்தில் பயின்ற ஒரு தமிழரை நாடே அறியும். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். பின்னர் மும்பைக்கு வந்து வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம் பெற்றார்; மாணவராக இருக்கையில் ஒரு தமிழ் எழுத்துருவை ஆக்கினார்; தமிழ் எழுத்து வடிவங்களையே முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தார். எழுத்தின் வளைவையும் கோட்டையும் ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்த கண் அது. 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், இந்திய ரூபாய்க்கு அவர் வரைந்த குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது. தேவநாகரியின் 'ர' எழுத்தும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றாக இணைந்து, மேலே இரு கோடுகளுடன் நிற்கும் அக்குறியை இன்று காய்கறிக் கடைப் பலகையிலும் காண்கிறோம். அதைப் படிக்கப்போகிறவர் யார் என்னும் கேள்விக்கு, அங்கே 'நாட்டு மக்கள் அனைவரும்' என்பது விடை. அந்த விடைக்கு ஏற்ற எளிமை அக்குறியில் இருக்கின்றது.

ஊதியத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. நகரத்தில் வீட்டு வாடகையோ அதிகம். பெற்றோருடன் அதே நகரில் வாழும் பிள்ளைக்கு இவ்வகையில் ஒரு வசதி உண்டு. ஆனால் குறைந்த ஊதியம் வேறு, ஊதியமே இன்மை வேறு. 'உனக்குப் பெயர் கிடைக்கும், பணம் பிறகு பார்க்கலாம்' என்று கூறுவோர் எந்த நகரத்திலும் இருக்கின்றனர். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அன்பால் ஓர் அழைப்பிதழ் வரைந்து கொடுப்பது நற்செயல். இலாபம் ஈட்டும் வணிகருக்கு இலவசமாக இலச்சினை வரைந்து கொடுப்பது அவ்வாறன்று. தனியாக வேலை ஏற்கும்போது, எத்தனை வடிவங்கள் காட்டுவது, எத்தனை முறை திருத்துவது, எந்நாளில் முடிப்பது, தொகை எவ்வளவு, அதில் முன்பணம் எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்ட பின்னரே பென்சிலை எடுக்க வேண்டும்.

சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையின் பகுதியாக ஆக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், முதலாளியே முதல் உரிமையாளர். உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதாயின் அது எழுத்தில் அமைய வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிடில் ஐந்து ஆண்டுகள் எனவும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிடில் இந்தியா எனவும் கொள்ளப்படும். இதை அறியாமல் தம் உழைப்பை வாய்ச்சொல்லில் விட்டவர்கள் பலர்.

இன்று மற்றோர் அச்சமும் இளைஞர்களை வாட்டுகின்றது. சொற்களால் கேட்டால் நொடிப்பொழுதில் படம் ஆக்கித் தரும் கணினிகள் வந்துவிட்டன. இனி நமக்கு வேலை ஏது என்கின்றனர். இந்த அச்சம் வெறும் கற்பனையென்று நான் கூற மாட்டேன். தொடக்க நிலையில் இருப்போர் செய்துவந்த சில்லறை வேலைகளுள் சில அவற்றின் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆயினும், பத்துப் படங்கள் முன்னே வந்து நிற்கும்போது, அவற்றுள் எது தாராவியின் மூதாட்டிக்குப் புரியும் என்று தேர்ந்து, தவறானதை விலக்கி, அதற்குப் பொறுப்பேற்று ஒப்பமிட ஒரு மனிதர் வேண்டும். கருவியை வெறுக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் தெருவில் நடந்து மக்களைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருங்கள். அதற்குள் எவ்வளவு சம்பாதித்தான் என்று மட்டும் கேளாமல், இவ்வாண்டு என்ன கற்றாய் என்றும் கேளுங்கள். உங்கள் மகள் ஆக்கிய உறையோ அறிவிப்போ வீட்டுக்கு வந்தால், அதைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் சிறிது என்று சொல்லுங்கள். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். எந்தக் கலைப் பள்ளியும் தர இயலாத பாடம் அது. படிக்கப்போகிறவர் யார் என்று தேடி அலையும் பிள்ளைக்கு, முதல் வாசகர் தன் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறார்.